வேலை தருகிறவர் காசு கேட்பாரா?



"வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை. பெண்களுக்கு முன்னுரிமை. தினமும் இரண்டு மணித்தியாலம். மாதம் 75,000 ரூபா. பதிவுக் கட்டணம் 2,500 மட்டுமே."

இந்த மெசேஜ் நமது ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் மறுபடியும் சுற்றத் தொடங்கியிருக்கிறது. மேலே ஒரு ஜனாஸா அறிவித்தல், கீழே தண்ணீர் வெட்டு அறிவித்தல், நடுவில் இது. அனுப்புகிறவர்கள் வெளியாட்கள் அல்ல. நமது நானாமார், ராத்தாமார், நாம் படிப்பித்த பிள்ளைகள். "யாருக்காவது பிரயோசனப்படட்டும்" என்று ஒரு வரியும் சேர்த்து விடுகிறார்கள்.

யாருக்குப் பிரயோசனப்படுகிறது என்று பார்ப்போம்.

நாம் ஆசிரியர்கள் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறோம். 2025 ஏப்ரலில் இந்நாட்டின் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது மாதம் முழுக்க உழைப்பவருக்கு. அப்படியான நாட்டில், முகம் தெரியாத பிள்ளைக்கு, நேர்முகப் பரீட்சையும் இல்லாமல், இரண்டு மணித்தியாலத்துக்கு 75,000 கொடுக்க வரும் அந்த வள்ளல் யார்? சம்பளம் கொடுக்க இவ்வளவு காசு வைத்திருப்பவருக்கு நமது 2,500 எதற்கு? அவர் தரப்போகும் முதல் சம்பளத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாமே. கேட்டுப் பாருங்கள். அத்தோடு உங்களை ப்ளொக் பண்ணிவிடுவார்.

அவர்கள் கொடுக்கும் "வேலை" என்னவென்றும் பாருங்கள். ஏதோ ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தின் பக்கங்களைப் படமாக அனுப்புவார்கள். அதை வேர்டில் அப்படியே அடித்துக் கொடுக்க வேண்டும். இந்த வேலையை உங்கள் கையிலிருக்கும் போனின் கமராவே சில நொடிகளில் செய்யும். கூகிள் லென்ஸில் படத்தைக் காட்டினால் எழுத்தை எடுத்துத் தந்துவிடும். தமிழையும் வாசிக்கும். பிறகு எதற்குப் பக்கத்துக்கு 500 ரூபா? நீங்கள் அடித்ததை யாரும் வாசிக்கப் போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது உங்கள் 2,500, உங்கள் அடையாள அட்டையின் இரண்டு பக்கப் படம், உங்கள் வங்கிக் கணக்கு இலக்கம்.

சிலர் கட்டணத்தோடு காணாமல் போவார்கள். அவர்கள் பரவாயில்லை என்று சொல்ல வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு கிழமை கண் விழித்து நூறு பக்கம் அடித்து அனுப்பிய பிறகு பதில் வரும்: "98 வீதம் சரியாக இருக்க வேண்டும், உங்களுடையது 91 வீதம்தான். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், தண்டம் கட்டுங்கள், இல்லாவிட்டால் சட்டத்தரணி நோட்டீஸ் வரும்." பயந்த பிள்ளை இன்னுமொரு முறை காசு கட்டும். இப்போது வந்திருக்கும் புது வகை இன்னும் மோசம். முதலில் 1,500 ரூபா உண்மையாகவே கணக்கில் விழும். அந்தப் பிள்ளை சந்தோசத்தில் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தானாகவே குரூப்பில் போடும். அடுத்த வேலைக்கு 10,000 வைப்பு, அதற்கடுத்து 40,000. "அவருக்குக் காசு வந்ததே, நாங்கள் கண்ணால் கண்டோமே" என்று வாதாடுகிறவர்களுக்குச் சொல்கிறோம்: கடற்கரை ஊரில் பிறந்த நமக்குத் தூண்டிலில் குத்திய இறால் எதற்கென்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஏமாந்தவர்களைப் பார்த்து "பேராசை" என்று சொல்கிறவர்களோடு எமக்குப் பெரிய கோபம் உண்டு. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளை, கட்டாரில் வீட்டுக்காரரின் வேலை நின்றுபோன சகோதரி, இத்தாவில் இருந்துகொண்டு மூன்று பிள்ளைகளின் கொப்பிக் காசுக்கு வழி தேடும் தாய். இவர்கள்தான் அந்த இலக்கத்துக்கு மெசேஜ் போடுகிறார்கள். இவர்கள் கேட்டது வேலை, பிச்சை கூட அல்ல. சீட்டுக் காசையோ காதுத் தோட்டையோ கொடுத்துவிட்டு, வீட்டில் சொல்லவும் முடியாமல், பொலிஸுக்குப் போகவும் முடியாமல் இருப்பார்கள் என்பது திருடனுக்கு நன்றாகத் தெரியும். ஊர் வாய்க்குப் பயந்து இவர்கள் மூடும் வாய்தான் அவனுடைய முதலீடு. ஆகவே "பேராசை" என்று சொல்லும் ஒவ்வொருவரும் அவனுக்கு வேலை செய்கிறார், அதுவும் சம்பளமில்லாமல்.

காசு போனவர்கள் சட்டைப் பார்த்து வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள். அதுதான் ஆதாரம். வங்கிச் சிட்டை, தொலைபேசி இலக்கம், கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101க்கு அழைக்கலாம். "உங்கள் கணக்குக்குக் காசு வரும், அதை இன்னொருவருக்கு மாற்றி விடுங்கள், கமிஷன் தருகிறோம்" என்று கேட்டால் மட்டும் எந்த நிலையிலும் சம்மதிக்காதீர்கள். பொலிஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரியைத்தான்.

அப்படியென்றால் வீட்டிலிருந்து செய்யும் டைப்பிங் வேலை எல்லாமே பொய்யா? இல்லை. ஃபைவர் போன்ற தளங்களில் சேரக் காசில்லை. உழைத்த பிறகு 20 வீதம் கழித்துக்கொள்வார்கள். அப்வர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்கச் சிறு தொகை செலவாகலாம். ஆனால் அவர்கள் சம்பளத்துக்கு உத்தரவாதம் கொடுத்து அதை வாங்குவதில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் ஆங்கில டைப்பிங்குக்கு அங்கே உலகமே வரிசையில் நிற்கிறது. நமது பிள்ளைகளின் கையிலிருக்கும் சாமான் தமிழ். பாமினியிலும் யுனிகோடிலும் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்த, லகர ளகரம் தெரிந்த ஒருவருக்கு வேலை கொழும்பிலும் இருக்கிறது, நமது ஊரிலும் இருக்கிறது.

நமது ஊரில் இருக்கும் வேலையைப் பற்றித்தான் உண்மையில் பேச வந்தோம். தவணைப் பரீட்சை வினாத்தாள், பள்ளி நிர்வாகத்தின் ஆண்டறிக்கை, சங்கங்களின் கூட்டறிக்கை, கலியாண அட்டை, ஒலுவில் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடு, காணி உறுதி, கச்சேரிக்குப் போகும் மனு. வருடம் முழுக்க ஓயாத வேலை. அதைச் செய்கிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? "தங்கச்சி, பத்துப் பக்கம்தானே, சும்மா அடிச்சித் தாங்களேன்." இரண்டு அட்டவணையும் ஒரு சமன்பாடும் உள்ள விஞ்ஞான வினாத்தாளின் ஒரு பக்கத்துக்கு முக்கால் மணித்தியாலம் போகும். பிறகு மூன்று தடவை திருத்தம், அதில் இரண்டு எழுதிக் கொடுத்தவரின் பிழை. கடைசியில் "ஜஸாகல்லாஹு ஹைரன்". துஆ நல்லதுதான். அதைக் கொண்டு டேட்டா போட முடியாதே. அச்சடிக்கிற கடைக்காரருக்கு இதே ஆட்கள் பேரம் பேசாமல் கொடுக்கிறார்கள். கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டியவர்களும் இவர்கள்தான்.

எங்கிருந்தோ ஒருவன் பக்கத்துக்கு 500 என்று பொய் சொல்கிறான். பக்கத்துத் தெருவில் இருப்பவர் 50 கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறார். அந்தப் பிள்ளை யாரை நம்பும்?

குரூப் அட்மின்களிடம் ஒரு வேண்டுகோள்: பதிவுக் கட்டணம் கேட்கும் எந்த வேலை விளம்பரத்தையும், போட்டவர் உங்கள் மச்சானாக இருந்தாலும், அழித்துவிடுங்கள். வேலை கொடுப்பவர்களிடம் ஒன்று: பக்கத்துக்கு எவ்வளவு, அட்டவணைக்கும் கணித வினாவுக்கும் எவ்வளவு கூடுதல் என்பதை முதலிலேயே பேசுங்கள். பாதியை முன்பணமாகக் கொடுங்கள். உங்கள் பிழையால் வரும் திருத்தத்துக்கும் கூலி கொடுங்கள். தங்கச்சிமாரே, நீங்களும் வாய் திறந்து விலை சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்களல்ல.

அடுத்த தவணை வினாத்தாள்கள் இன்னும் சில கிழமைகளில் டைப்பிங்குக்குப் போகும். பாடசாலைகளில் பொறுப்பாக இருப்பவர்கள் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கும்போதே தொகையையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கட்டும்.