ஒன்பதரை மாசக் குழந்தைக்கு ஒரு வயசுப் பரீட்சை

சொந்தக்காரங்க கூடுற எந்த விசேஷத்துலயும் குழந்தைகளுக்கு ஒரு பரீட்சை நடக்கும். "இன்னும் நிக்கலியா? எம்பேரன் இந்த வயசுல ஓடுவான்!" குறைமாசத்துல பொறந்த குழந்தைன்னா இதுல ஃபெயில்தான். ஏன்னா கேள்வித்தாளே தப்பு.

சின்னக் கணக்குதான் மக்களே. எங்க அக்கா பொண்ணு 30 வாரத்துல பொறந்தா. 40 வாரத்துக்கு இன்னும் 10 பாக்கி. முதல் பொறந்தநாள் அன்னிக்கு 52-ல 10 போனா 42 வாரம், அதாவது ஒன்பதரை மாசம். இதுக்குத் திருத்திய வயசுன்னு பேர். ரெண்டு வயசு வரைக்கும் நடை, பேச்சு எல்லாத்தையும் டாக்டருங்க இதை வச்சுத்தான் பாக்கறாங்க. கேக் வெட்டும்போதே 'மந்தம்'னு முத்திரை குத்தின பெருசுங்களுக்கு இந்தக் கழித்தல் தெரியல :-)

"தானா சரியாயிடும்"னு சொல்ற ஆறுதல் கோஷ்டியோடயும் எனக்குச் சண்டை உண்டு. கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துலதான் மூளை வேகமா வளர்ந்து மடிப்பு விடுது. குறைமாசக் குழந்தைக்கு அந்த வேலை பாதியில இருக்கும்போதே வெளியுலகம் ஆரம்பிச்சுடுது. 32 வாரத்துக்கு முன்னாடி பொறந்தவங்க அறிவுத்திறன் சோதனைகள்ல சராசரியா 10 புள்ளி அளவுக்குப் பின்தங்கறதா ஆய்வுகள் சொல்லுது. சராசரி யாரோட தலையெழுத்தும் இல்ல, நல்லா படிச்சு வர்றவங்க நிறைய பேர். ஆனா கவனம் நிக்காம போறது, கணக்குல தடுமாறுறது எல்லாம் பள்ளிக்கூடம் போன பிறகுகூட தலைகாட்டலாம். நாமளோ குழந்தை நடந்த மறுநாளே செக்கப்பை நிறுத்திடறோம்.

ஆரம்பத்துல செய்யறது வீண் போகாது. 1978-ல கொலம்பியாவோட பொகோட்டாவுல இன்குபேட்டர் பத்தாம, குழந்தையைத் தாயோட வெறும் மார்புல அணைச்சுக் கட்டி வச்சாங்க. கங்காரு பராமரிப்பு அப்படித்தான் வந்தது. அப்படி வளர்ந்தவங்களை 20 வருஷம் கழிச்சுத் தேடிப் பாத்து 2016-ல ஆய்வு வெளியிட்டாங்க. மத்தவங்களைவிட இவங்ககிட்ட துறுதுறுப்புக் கோளாறு, முரட்டுத்தனம் ரெண்டும் கம்மி.

2020-ல மட்டும் இந்தியாவுல கிட்டத்தட்ட 30 லட்சம் குழந்தைங்க குறைமாசத்துல பொறந்திருக்காங்க. அரசாங்கத்துல மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கு. எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? டிஸ்சார்ஜ் சீட்டுலயே திருத்திய வயசையும் அடுத்த பரிசோதனைத் தேதிகளையும் தமிழ்ல எழுதிக் குடுக்கணும்ங்கறது என் கட்சி. ஒரு பேனா செலவுதான்.

அதுவரைக்கும், அடுத்த விசேஷத்துல யாராவது "இன்னும் பேசலியா?"ன்னு ஆரம்பிச்சா, எத்தனை வாரத்துல பொறந்துச்சுன்னு முதல்ல கேளுங்க.