வாழைக்கு ஹெக்டேர் கணக்கு, சுமந்த தோளுக்கு?

மணப்பாட்டின் தேரி மணலைக் கடந்து வடக்கே சென்றால் நிலத்தின் நிறம் மாறுகிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வாய்க்கால்கள் பாயும் பகுதி இது. இங்குள்ள ஏரல் என்னும் சிற்றூரும் அதன் சுற்றுவட்டாரமும் வாழைக்குப் பெயர் பெற்றவை. அந்தப் பெயர் நிலவுடைமையாளருக்கும் வணிகருக்கும் சேர்கிறது; குழி வெட்டி, கன்று நட்டு, தார் சுமக்கும் நிலமற்ற பட்டியலின மக்களுக்குச் சேர்வதில்லை.

இந்த ஏற்றத்தாழ்வை 2023 டிசம்பர் பெருவெள்ளம் அப்பட்டமாகக் காட்டியது. டிசம்பர் 17, 18 நாட்களில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. ஏரல் பாலம் சேதமடைந்தது. வாழைத் தோட்டங்கள் மூழ்கின. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களின் குடும்பங்களுக்கு 6,000 ரூபாயும், 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமடைந்த பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

பயிர் இழப்பீடு போதவில்லை என்ற விவசாயிகளின் குரல் நியாயமானதே. ஆனால், ஹெக்டேரே இல்லாதவரின் இழப்பை எந்த அலகால் அளப்பது? வாழை ஏறத்தாழ ஓராண்டுப் பயிர். அழிந்த தோட்டத்தில் மறுபடியும் கன்று நட்டாலும், அடுத்த தார் வெட்டப்படும் வரை தார் சுமக்கும் வேலை இல்லை. அத்தனை மாதக் கூலியும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத இழப்பு. வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிட்டவர் நிலையும் இதுவே. முதலும் உழைப்பும் அவருடையவை, பட்டா இன்னொருவருடையது.

இது தற்செயலன்று. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினரான பட்டியலின மக்களின் கையில் சாகுபடி நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாதி நிலத்தைப் பங்கிட்டது. நிவாரணம் நிலத்தைப் பின்தொடர்கிறது. ஆகவே, சாதியின் பெயரே இடம்பெறாத ஓர் அரசாணையும் சாதியின் வழியே பாய்கிறது.

2024இல் வெளிவந்த மாரி செல்வராஜின் 'வாழை' திரைப்படம் இந்த மண்ணின் கதைதான். தார் சுமப்போர் கூலி உயர்வு கேட்கிறார்கள். கூட்டிக் கொடுத்த கூலியை ஈடுகட்ட, அவர்கள் வீடு திரும்பத் தனி வண்டி மறுக்கப்படுகிறது. தார் ஏற்றிய லாரியின் மேலேயே பயணித்தவர்கள் அது கவிழ்ந்து மடிகிறார்கள். இயக்குநர் தம் சிறுவயதில் கண்ட துயரத்திலிருந்து உருவான இப்படத்துக்காகத் தமிழகம் அழுதது. அழுகை கொள்கையாக மாறவில்லை.

மாற வேண்டியவை தெளிவானவை. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி உண்மையான சாகுபடியாளர்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பயிர்ச் சேதக் கணக்கெடுப்புடன் இழந்த வேலை நாட்களும் கணக்கிடப்பட்டு, தொழிலாளருக்கு நேரடியாக இழப்பீடு வழங்கப்பட வேண்டும். சரக்கின் மேல் ஆட்களை ஏற்றிச் செல்வோர் பொறுப்பாக்கப்பட வேண்டும். களத்தில் இறங்கும் மாணவர்களும் தோழர்களும் அடுத்த வெள்ளத்துக்குக் காத்திராமல், எந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை நாள் தார் சுமக்கிறார்கள் என்ற கணக்கை இப்போதே எழுதத் தொடங்கலாம். கணக்கில் இல்லாதவர்களுக்கு நிவாரணம் வருவதில்லை.