கேட்காத பாட்டனும் கேட்ட எறையூரும்

நற்செய்தி காதில் விழுவதற்கு முன்பே செத்துப்போன நம் முப்பாட்டனுக்கு மீட்பு உண்டா? மதம் மாறிய குடும்பங்களில் இது வெறும் இறையியல் கேள்வி அல்ல. ஜப்பானில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தம் முன்னோரை நினைத்து அழுததை 1552இல் பிரான்சிஸ் சவேரியார் கடிதத்தில் எழுதினார். நரகத்தில் இருப்பவர்களை மீட்க வழியில்லை என்பதே அவர் சொன்ன பதில். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வேறு பதில் சொன்னது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மனச்சான்றின்படி வாழ்ந்தால் மீட்படையலாம். திருச்சபை பற்றிய ஏட்டில், 16ஆம் பத்தி. நானூறு வருஷத் தாமதம், இருக்கட்டும்.

கேட்டவர்களின் கதை என்ன?

எறையூர் என்றால் எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் சர்க்கரை ஆலை. நான் சொல்வது உளுந்தூர்பேட்டை அருகேயுள்ள எறையூரை. அங்கே செபமாலை அன்னை ஆலயப் பங்கில் தலித் கிறிஸ்தவர் செத்தால் பிணம் போகத் தனி வழி, புதைக்கத் தனிக் கல்லறை. பொறுத்தது போதுமென்று, தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்கள் தலித் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியர் இருவர் செத்தார்கள். அடித்தவர், அடிபட்டவர், செத்தவர் எல்லோரும் திருமுழுக்குப் பெற்றவர்களே.

அதே ஏட்டின் 14ஆம் பத்தி இவர்களைப் பற்றியது. திருச்சபைக்குள் இருந்தும் அன்பில் நிலைக்காதவனுக்கு மீட்பில்லை என்கிறது. 16ஆம் பத்தியை மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். 14ஐ ஒருமுறைகூடக் கேட்டதில்லை.