தென்னைக்கு ஒரு கலம், பிள்ளைக்கு இல்லை

புயலோ வெள்ளமோ அடித்த ஊருக்கு முதலில் சோறு, பிறகு கூரை, அப்புறம் மின்சாரம், எல்லாம் முடிந்து ஓய்ந்த பின் பள்ளிக்கூடம் என்று ஒரு வரிசை நம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. அரசாங்கத்தின் மனதிலும் அதே வரிசைதான். அது தப்பு என்பது என் கட்சி. பள்ளிக்கூடம் சோற்றோடு சேர்ந்து வர வேண்டும். சத்துணவு வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டில் இரண்டும் ஒரே கூரையின் கீழ்தானே இருக்கின்றன?

நான் படிவங்களோடு காலம் தள்ளியவன். சேதக் கணக்கெடுப்பில் முழுதாக விழுந்த குடிசைக்கு ஒரு கலம், பாதி விழுந்ததற்கு ஒரு கலம், கறவை மாடு, ஆடு, கோழி, மரம் என்று வரிசையாகப் போகும். பள்ளிக் கட்டடத்தின் ஓடு உடைந்தால் அதுவும் பட்டியலில் ஏறும். அந்த ஓட்டின் கீழ் உட்கார்ந்திருந்த பிள்ளை மறுபடி வந்து உட்கார்ந்ததா என்று கேட்கும் கலம், நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை. கலம் இல்லாத விஷயத்தைப் பற்றி எந்த அதிகாரியும் கேள்வி கேட்க மாட்டார். எழுத்தர்களுக்குத் தெரிந்த ரகசியம் இது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. நான் பிரெஞ்சு வழியில் படித்த காரைக்காலும் அடி வாங்கியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. தொண்டாமுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று வைக்கும் தென்னம்பிள்ளை காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாவது ஆகும். விழுந்த மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அடுத்த மாதமே பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. வீட்டைச் செப்பனிட 36,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு குடும்பம் தன் பையனை ஆடு மேய்க்க அடமானமாக விட்டிருந்தது. கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அந்தப் பையனை மீட்டார்கள். அவன் செய்தியில் வந்ததால் நமக்குத் தெரிகிறது.

கவனித்துப் பார்த்தால், பிள்ளை புயலடித்த அன்று படிப்பை நிறுத்துவதில்லை. நிவாரண அரிசி தீர்ந்து, கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கிற மூன்றாவது நாலாவது மாதத்தில்தான் நிற்கிறது. அந்நேரம் மந்திரியும் இருக்க மாட்டார், டிவி காமிராவும் இருக்காது. தரகன் மட்டும் இருப்பான்.

ஹைதி நாட்டில் ‘ரெஸ்தாவெக்’ என்று ஒரு சொல் உண்டு. பிரெஞ்சில் ‘கூடத் தங்கு’ என்று அர்த்தம். வறுமையால் வசதியான வீட்டில் ‘தங்க’ அனுப்பப்பட்டு, சம்பளமில்லாமல் தண்ணீர் சுமந்து பாத்திரம் தேய்க்கும் பிள்ளைக்கு அங்கே அதுதான் பெயர். 2010 ஜனவரியில் பூகம்பம் வந்தபோது, இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்னும் பெருகிவிடுவார்களே என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் பதறினார்கள். எவ்வளவு மரியாதையான சொல் பாருங்கள்! நம் ஊரில் “ஒத்தாசைக்கு ஒரு புள்ளைய வெச்சிருக்கறேனுங்க” என்கிறோமே, அதற்கு அண்ணன் முறை.

முடியாத காரியமா என்றால், பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்ணோடு போயின. வெள்ளார்மலைப் பள்ளியும் சிதைந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மேப்பாடியில் இடம் பிடித்து, போக்குவரத்துக்குப் பஸ்ஸும் ஏற்பாடு செய்து, செப்டம்பர் 2 அன்று வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து வாரம்கூட ஆகவில்லை. வீடு கட்டி முடித்துவிட்டா பள்ளியைத் திறந்தார்கள்? இல்லையே.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன், கோபிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம். விற்கிறவன் கிழக்கே இருந்தால் வாங்குகிறவன் எங்கே இருக்கிறான்? சுமங்கலித் திட்டம் என்று மங்கலமான பெயர் வைத்து, டெல்டாவிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் பெண் பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கொண்டுவந்து விடுதியில் அடைத்த நூற்பாலைகள் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்தில்தானே இருந்தன? “நாம வேலை குடுக்கலீன்னா அதுக பட்டினி கெடக்கும்” என்பார்கள். தகப்பனுக்குக் கொடுங்கள் வேலையை, ஆள் கூலியில். பிள்ளையைப் பிடிப்பது அரைக்கூலிக்குத்தான் என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிற எனக்கும் தெரியும்.

சட்டமும் பாதி வழியில் கையை விட்டுவிடுகிறது. கட்டாயக் கல்வி 14 வயதோடு சரி. 2016-ல் திருத்திய சட்டப்படி 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்களுக்குத்தான் தடை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைத் தரகன் தேடி வருவது சும்மாவா?

செய்ய வேண்டியது பெரிய செலவும் இல்லை. ‘எமிஸ்’ என்ற பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் எண் இருக்கிறது. பேரிடர் பாதித்த வட்டங்களில் ஒரு வருஷத்துக்கு மாதாமாதம் வருகையைப் பார்த்து, நின்றுபோன பெயரை எடுத்துக்கொண்டு ஒரு ஆள் அந்த வீட்டுக்கு நடக்க வேண்டும். கடன் காரணமென்றால் அந்தக் குடும்பத்தை நிவாரணப் பட்டியலில் முதலில் ஏற்ற வேண்டும். படிவத்தில் ஒரு கலம் கூடுதலாக அச்சடிக்க என்ன ஆகிவிடும்?

நம் பகுதித் தோப்புகளிலும் பாக்குக் களங்களிலும் பள்ளி நேரத்தில் பிள்ளைகளைக் கண்டால் 1098-க்கு அழைக்கலாம், காசு செலவில்லை. நான் இரண்டு முறை அழைத்திருக்கிறேன். இரண்டாவது முறைக்குப் பிறகு ஒரு தோப்புக்காரர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும்.