டோரியனாம், லிடியனாம்!

கிதார் வாங்கின ஆறாவது மாசம் நம்ம பொட்டிதட்டிகளுக்கு ஒரு வியாதி வரும். பேரு மோட்ஸ். "சி மேஜர் ஸ்கேலை டி-யில ஆரம்பிச்சா டோரியன், ஈ-யில ஆரம்பிச்சா ஃபிரிஜியன்"னு ஏழு பேரு, ஏழு படம், ஒரே மனப்பாடம். செமஸ்டருக்கு முந்தின ராத்திரி படிப்பு மாதிரியே.

போன மாசம் ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர்ல தங்கியிருந்தப்போ நண்பர் ஒருத்தர் டோரியன் வாசிச்சுக் காட்டினார். பக்கத்துல இன்னொருத்தர் விடாம சி கார்டை அடிச்சிட்டிருந்தார். காதுல விழுந்தது சாட்சாத் சி மேஜர்! போளூர் வழியா ஏறினாலும் ஆலங்காயம் வழியா ஏறினாலும் அதே மலைதானே சாமி? எங்க ஆரம்பிக்கிறோம்கிறது முக்கியமில்லை, எந்த சுரம் வீடுங்கறதுதான் முக்கியம்.

நம்மூர்ல இதுக்குத்தான் தம்புரா. ஸ அசையாம நின்னாத்தான் மத்த சுரங்களுக்கு முகமே தெரியும்.

கிதார்லயும் அதேதான். தடிச்ச ஈ கம்பியைச் சும்மா ஒலிக்க விடுங்க, அதுதான் ஸ. அது மேல கல்யாணி ஸ்கேல் வாசிங்க, அதான் லிடியன். ம-வை ஒரு ஃபிரெட் இறக்கினா சங்கராபரணம், ஐயோனியன். அடுத்து நி-யை இறக்கினா அரிகாம்போதி, மிக்சோலிடியன். க-வை இறக்கினா கரகரப்பிரியா, டோரியன். த-வை இறக்கினா நடபைரவி, ஏயோலியன். ரி-யை இறக்கினா தோடி, ஃபிரிஜியன். கடைசியா ப-வையும் இறக்கினா லோக்ரியன். பஞ்சமம் போயிட்டதால 72 மேளகர்த்தாவுல அதுக்கு இடம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சுரம்தான் மாறுது. இதுக்கு எதுக்குங்க ஏழு படம்?

உடனே "பார்த்தியா, வெள்ளைக்காரன் நம்மகிட்ட சுட்டுட்டான்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். அவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். பாலையைத் திரிச்சு புதுப் பாலை பிறக்க வைக்கிற வித்தை சிலப்பதிகாரக் காலத்துலயே இருந்தது. ஆபிரகாம் பண்டிதர் 1917-ல 'கருணாமிர்த சாகரம்', விபுலானந்தர் 1947-ல 'யாழ் நூல்'னு இதையெல்லாம் விலாவாரியா ஆராய்ஞ்சிருக்காங்க. பெருமைதான். ஆனா அதை வச்சு திருட்டுப் பட்டம் கட்ட முடியாது. ஏழு சுரம் ஒத்துப்போறது வேற, ராகம் வேற. கமகம் இல்லாத தோடி தோடியே இல்லை, வெறும் ஃபிரிஜியன்.

படத்தை மனப்பாடம் பண்ணச் சொல்ற வாத்தியார்கள் புண்ணியத்துலதான் எத்தனையோ கிதார் பீரோ மேல தூசி தின்னுது. கத்துக்க வந்தவன் "எனக்கு ஞானமில்லை"ன்னு ஒதுங்கிடறான். அவனுக்கு ஞானம் இருக்கு, ஸ-வைத்தான் யாரும் கொடுக்கலை.

ஒரு வாரம், ஒரு மோடு, ஒரு கம்பி. முயற்சி பண்ணிட்டு அப்புறமா பின்னூட்டத்துல வந்து என்னைக் கும்முங்க.