சிவப்புப் பேனாவும் பத்து லட்சம் சொற்களும்

‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதினால் ஆங்கில ஆசிரியரின் சிவப்புப் பேனா ‘அபௌட்’டை அடித்துவிடும். ரென் அண்ட் மார்ட்டினில் வளர்ந்தவர்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. பல்கலைக்கழக ஆங்கிலத் துறைகள் சிலவற்றில் கேள்வியே வேறு. இந்தியர்கள் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள்? எத்தனை பேர், எந்த வகை எழுத்தில்?

பதிலைத் தேடக் கிளம்பியது டெல்லியோ கல்கத்தாவோ அல்ல, செருப்புக்குப் பேர்போன கோலாப்பூர். அங்குள்ள சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி. சாஸ்திரியும் சகாக்களும், 1978ல் இந்தியாவில் அச்சான ஆங்கிலத்திலிருந்து 500 பகுதிகளைத் திரட்டினார்கள். செய்தி, தலையங்கம், சிறுகதை, அரசு ஆவணம் என்று சகலமும். பகுதிக்குச் சுமார் 2,000 சொற்கள்; ஆக மொத்தம் பத்து லட்சம். 1986ல் தொகுப்புக்குக் கையேடும் வந்தது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் தயாரித்த தொகுப்பே இதற்கு முன்மாதிரி என்பதால், இரு நாட்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. ஆனால் அமெரிக்கத் தொகுப்பு 1961ம் வருடத்து எழுத்து. தென்படும் வித்தியாசம் நாட்டால் வந்ததா, இடைப்பட்ட 17 வருடங்களால் வந்ததா என்று யோசித்தாக வேண்டும்.

வேலை எளிது, பொறுமைதான் தேவை. ‘டிஸ்கஸ்’ என்று தட்டினால் அது வரும் வரிகளெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை கட்டும். மாணவர் ஒவ்வொன்றாகப் படித்துப் பிரிக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வந்தால் கைத்தவறாக இருக்கலாம். பலர் எழுத்தில், பல வகை எழுத்தில் வந்தால் அதைத் தவறு என்று தள்ள முடியாது.

அச்சுக்கு வந்த எழுத்தில் உதவி ஆசிரியரின் கைபட்டிருக்கும் என்பது இன்னொரு சிக்கல். ‘ஐ ஆம் நோயிங்’, வாக்கியத்துக்கு வாக்கியம் ‘இஸின்ட் இட்’ எல்லாம் பேச்சில் தேட வேண்டியவை. லண்டனில் சிட்னி கிரீன்பாம் தொடங்கிவைத்த சர்வதேச ஆங்கிலத் தொகுப்பு இந்தக் குறையைப் போக்கியது. கோலாப்பூரும் பெர்லினின் சுதந்திரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த அதன் இந்தியப் பகுதியில், 500க்கு 300 பேச்சுதான்: டெலிபோன் உரையாடல், வகுப்பறை, நீதிமன்றக் குறுக்கு விசாரணை.

விநோதம் என்னவென்றால், மக்கள் பேசுவதையும் எழுதுவதையும் சேகரித்து இலக்கணம் எழுத 1959லேயே பிரிட்டனில் ஏற்பாடு செய்த ராண்டால்ஃப் குவர்க்தான், இந்தியா போன்ற நாடுகளில் பொதுத்தர ஆங்கிலத்தையே கற்பிக்க வேண்டும் என்று 1990ல் வாதிட்டார். ஸ்ரீநகரில் பிறந்த பிரஜ் கச்ரு மறுவருடமே காட்டமாகப் பதில் எழுதினார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வேலைக்கு மனுப்போடும் பட்டதாரியை எடைபோடுபவர் தொகுப்பைப் புரட்டப் போவதில்லை. தொகுப்பில் நூறு முறை பதிவான வாக்கியத்துக்கும் தேர்வுத்தாளில் மதிப்பெண் போகலாம். அதைத் திருத்துபவரும் வகுப்பில் அப்படியே பேசுகிறவராக இருக்கக்கூடும்.