பக்கவிளைவு கிடையாதாம்!

மருந்துவாழ்மலை நம் மாவட்டத்தில் இருப்பதாலோ என்னவோ, பச்சிலை என்றால் நமக்குத் தனி நம்பிக்கை. அனுமன் தூக்கிப்போன மலையிலிருந்து விழுந்த துண்டு அது என்பார்கள். இருக்கட்டும். "நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாது" என்ற பேச்சைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

நம் மாநில மலர் செங்காந்தளையே பாருங்கள். அதன் கிழங்கிலும் விதையிலும் இருப்பது கால்சிசின். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு டாக்டர் எழுதித் தரும் அதே சரக்கு. வீங்கிய மூட்டுக்கு ஓடிவரும் வெள்ளணுக்களை அது முடக்குகிறது, வலி தணிகிறது. மாத்திரை வெறும் அரை மில்லிகிராம். அளவு மிஞ்சினால், குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் புது அணுக்கள் உண்டாவதையும் அது நிறுத்திவிடும். வாந்தி, பேதி என்று தொடங்கி உயிரே போகலாம். கிழங்கின் மேல் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியா இருக்கிறது? கலப்பைக்கிழங்கைச் சுத்தி செய்யாமல் சேர்க்காதே என்று சித்த வைத்தியமே சொல்கிறது. பக்கவிளைவு இல்லை என்று சொல்பவர் சித்த வைத்தியத்தையும் படிக்காதவர்.

உள்ளே போனதை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். எழுபது வயதில் சிறுநீரகம் பழையபடி வடிகட்டாது. அதே அளவு மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். போதாக்குறைக்கு, கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் கால்சிசின் வெளியேறும் வழியும் அடைபடும்.

ஆனால் "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டால் நாம் சொல்வது, "ஒண்ணுமில்ல சார்." தலைமாட்டில் இருக்கும் லேகியமும் சூரணமும் நம் கணக்கில் மருந்தே இல்லை.